யாருடைய கண்களுக்கு இந்த மீன் தொட்டி?

வீட்டில் உயரமான மீன் தொட்டி வாங்கி வைப்பவர்களில் பெரும்பாலோர் அதை நிற்பவர்களின் கண்களுக்காகவே வைக்கிறார்கள். ஆனால் வீட்டில் யாரும் நிற்பதில்லை. உட்கார்ந்திருக்கிறார்கள், படுத்திருக்கிறார்கள், தரையில் கால் நீட்டி வெங்காயம் உரிக்கிறார்கள், தவழ்கிறார்கள். கூடத்தில் நிற்பவர் ஒருவர்தான்: அழைப்பு மணி அடித்து உள்ளே வந்து, உட்காரச் சொல்லும் வரை தயங்கி நிற்கும் விருந்தாளி. அந்தச் சில நிமிடத்து மனிதரின் கண் மட்டத்துக்கு 400 கிலோ நீரையும் கண்ணாடியையும் தூக்கி நிறுத்துவது அபத்தம் என்பதுதான் நான் சொல்ல வருவது. இதைச் சொல்ல ஒரு கட்டுரை தேவையா என்று நண்பர்கள் கேட்கலாம். என் மனைவியின் வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டில் இருந்த காலத்தில் எனக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. அந்த யோசனையின் விளைவு இது.

நான் வசிப்பது சிங்கப்பெருமாள் கோவிலில். ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலை பிரிகிற ஊர். 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டைம்லர் என்று ஒரகடத்தில் வாகன ஆலைகள் வரிசையாகத் திறக்கப்பட்ட பிறகு, இங்கே வயல்களில் அடுக்ககங்கள் முளைத்தன. இரண்டு படுக்கையறை வீடு, நீளம் குறைந்த கூடம், சோபாவும் தொலைக்காட்சியும் போக மிஞ்சும் மூன்றடிச் சுவர். அந்த மூன்றடியில் என்ன வைக்கலாம் என்று யோசிக்கும்போதுதான் உயரமான தொட்டி என்ற யோசனை பிறக்கிறது. தரையில் இடம் இல்லை, எனவே மேலே போவோம். அடுக்ககத்தின் தத்துவமும் இதுதானே! வீடு எப்படிக் கட்டப்பட்டதோ அப்படியே மீனுக்கும் வீடு கட்டுகிறோம்.

நானும் கட்டினேன். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டரை அடி உயரம், 12 மில்லிமீட்டர் கண்ணாடி. ஏஞ்சல் மீன்கள் வளர்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. நீளத்தைவிட உயரம் மிகுந்த உடலும், மேலும் கீழும் பாய்மரம் போல் விரியும் துடுப்புகளும் கொண்ட அந்த மீனுக்கு உயரமான தொட்டி பொருந்தும் என்பதில் உண்மை இருக்கிறது. தொட்டியை விற்றவர் ஸ்டாண்டின் உயரத்தைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "மூன்றரை அடி வெச்சுக்குங்க சார், அப்பதான் வந்தவங்க பார்வைக்கு நேரா இருக்கும்." எனக்கும் அது நியாயமாகவே பட்டது. சாலையோர வெல்டிங் பட்டறையில் சதுரக் குழாய் வாங்கி, 42 அங்குல உயரத்துக்கு ஸ்டாண்டு அடித்து, மேலே பிளைவுட், அதன்மேல் தெர்மோகோல், அதன்மேல் தொட்டி. விளிம்பு சரியாக ஆறடியில் நின்றது. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். அவர்கள் அனைவரும் நின்றபடி பார்த்தவர்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வாரம் ஒருமுறை கண்ணாடியில் படியும் பாசியைத் தேய்க்க வேண்டும், அடியில் சேரும் கழிவை உறிஞ்சி எடுக்க வேண்டும். வேலை நாட்களில் நான் வீடு திரும்ப இரவாகும் என்பதால் அந்தப் பொறுப்பு என் மனைவியிடம் சென்றது. (வீட்டில் ஆண்கள் வாங்கும் பொருட்களைப் பெண்கள் துடைக்கிறார்கள் என்பது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம்.) அவர் உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். ஆறடி விளிம்புக்கு மேலே கையை விட்டு உள்ளே துழாவ, பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் ஏற வேண்டும். ஈரக் கை, ஈரத் தரை, ஈர ஸ்டூல், ஓர் அடி தள்ளி மின்விசைப் பலகை. எட்டாவது மாதம் விழுந்தார். விழும்போது தொட்டியின் விளிம்பைப் பிடிக்காமல் திரைச்சீலையைப் பிடித்ததை இன்றுவரை நான் நினைத்து நினைத்து நடுங்குகிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். என் தொட்டியின் நீர், கண்ணாடி, சரளைக்கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 400 கிலோவுக்குச் சற்று மேல். அகலம் 18 அங்குலம், அதாவது முன்பக்க விளிம்பிலிருந்து மையத்துக்கு 9 அங்குலம். 72 அங்குல உயரத்தில் உள்ள விளிம்பைப் பக்கவாட்டில் இழுத்தால், சுமார் 50 கிலோ விசையில் தொட்டி சாயத் தொடங்கும். அதே தொட்டியை 22 அங்குல ஸ்டாண்டில் வைத்தால் விளிம்பு 50 அங்குலத்தில் இருக்கும். அப்போது அதைச் சாய்க்க 72 கிலோ தேவை. நீர் உள்ளே அலைபாய்வதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் இரண்டும் குறையும். விழுகிற மனிதரின் எடை முழுதும் பக்கவாட்டில் இழுக்காது என்பது உண்மைதான். என்றாலும், 55 கிலோ எடையுள்ள ஒருவர் நிலைதடுமாறிப் பற்றிக்கொள்ளும் விளிம்பு 50 கிலோவில் சாயக்கூடியது என்று தெரிந்த பிறகு எந்த மனிதனால் நிம்மதியாகத் தூங்க முடியும்? 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின் அதிர்வு சென்னையில் உணரப்பட்டு, மக்கள் அடுக்ககங்களை விட்டு வெளியே ஓடிவந்தார்கள். அந்த நாளில் இப்படியொரு கோபுரம் நம் கூடத்தில் நின்றிருந்தால்?

அளவில் ஒப்பிட முடியாததுதான், ஆனாலும் ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. பெர்லினில் ஒரு விடுதியின் நடுக்கூடத்தில் 2003 முதல் நின்றிருந்த 'அக்வாடோம்' என்ற உருளைத் தொட்டி, 2022 டிசம்பர் 16 அதிகாலையில் வெடித்துச் சிதறியது. ஏறத்தாழ பத்து லட்சம் லிட்டர் நீர், சுமார் 1,500 மீன்கள். விடியும் முன் நடந்ததால் மனித உயிர்கள் தப்பின. தொழில்நுட்பத்தில் குறை வைக்காத நாட்டில், வல்லுநர்கள் கட்டிய தொட்டி அது. நம் தொட்டிகளை ஒட்டுவது சிலிக்கான் துப்பாக்கி ஏந்திய ஒரு பையன்.

நீரின் அழுத்தம் அதன் ஆழத்தைப் பொறுத்தது, அளவைப் பொறுத்தது அல்ல என்பதை 1586லேயே சைமன் ஸ்டெவின் எழுதிவைத்துவிட்டார். ஆழம் இரு மடங்கானால் கண்ணாடியின் மேல் விழும் மொத்த விசை நான்கு மடங்காகும். என் தொட்டியில் 28 அங்குலம் நீர் நின்றபோது முன்கண்ணாடியைச் சுமார் 230 கிலோ எடைக்குச் சமமான விசை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. பாதி ஆழமாக இருந்தால் 58 கிலோதான். உயரமான தொட்டிக்காரர்கள் கண்ணாடியின் தடிமனைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிப்பார்கள். அந்தக் கண்ணாடி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது அவர்களுக்கு அலங்கார விஷயம், 'இன்டீரியர்' ஆசாமியிடம் விட்டுவிட வேண்டியது. இந்தப் பிரிவினைதான் தவறு என்கிறேன். ஸ்டாண்டு தொட்டியின் பகுதி. தொட்டி எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு ஸ்டாண்டு தாழ வேண்டும். ஒன்றரை அடித் தொட்டிக்கு மூன்றடி ஸ்டாண்டு பொருந்தலாம். இரண்டரை அடித் தொட்டிக்கு அதே ஸ்டாண்டைக் கொடுப்பவர் கணக்குப் போடவில்லை, பழக்கத்தைப் பின்பற்றுகிறார்.

இனி கண்களுக்கு வருவோம்.

தமிழர்கள் மீனை எப்போதும் மேலிருந்தே பார்த்து வந்திருக்கிறோம். கோயில் குளத்தின் கடைசிப் படியில் குந்தியபடி பொரி இறைத்து, கிணற்றுக் கட்டையில் கவிழ்ந்து எட்டிப் பார்த்து, வயல் வாய்க்காலில் கால் நனைத்து. நாம் மட்டுமல்ல. சீனர்கள் தங்கமீனைப் பல நூற்றாண்டுகள் குளத்திலும் பீங்கான் தொட்டியிலும் மேலிருந்து பார்ப்பதற்காகவே இனம் தேர்ந்து வளர்த்தார்கள். ஜப்பானியரின் 'ரன்ச்சு' தங்கமீனின் அழகு இன்றும் முதுகுப்புறத்திலிருந்துதான் மதிப்பிடப்படுகிறது. மீனைப் பக்கவாட்டில், கண்ணாடி வழியே பார்ப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பழக்கம். லண்டன் விலங்கியல் பூங்காவில் மீன்களுக்கான கண்ணாடி இல்லம் 1853இல் திறந்தது. பிலிப் ஹென்றி காஸ்ஸின் நூல் 1854இல் வெளிவந்து 'அக்வேரியம்' என்ற சொல்லைப் பரப்பியது. சென்னைக் கடற்கரையில் 1909இல் எட்கர் தர்ஸ்டன் முயற்சியால் ஒரு மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அது மூடப்பட்டுவிட்டது.

அந்தக் காட்சியகங்களில் கண்ணாடி நிற்பவரின் கண்ணுக்கு நேராக இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. சீட்டு வாங்கி வருபவர் நடந்துகொண்டே பார்க்கிறார், வரிசை நகர வேண்டும். பொதுக் காட்சியகத்தின் உயரத்தை யோசனையின்றி வீட்டுக்குள் கொண்டுவந்ததில்தான் கோளாறு. வீடு காட்சியகமல்ல. அங்கே யாரும் நகர வேண்டிய அவசியமில்லை.

நான் ஓர் ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வீட்டில் உள்ளவர்களின் கண் மட்டத்தை அளந்தேன். (சிரிக்க வேண்டாம். உடலை அளக்காமல் சட்டை தைக்கிறோமா?) நாற்காலியில் உட்காரும் எனக்கு 46 அங்குலம். கட்டிலில் உட்காரும் என் அம்மாவுக்கு, முதுகு சற்றுக் கூனியதால், 43. தரையில் உட்காரும் மனைவிக்கு 28. ஆறு வயது மகள் நின்றால் 40, உட்கார்ந்தால் 23. என் தொட்டி 42 அங்குலத்தில் தொடங்கி 72இல் முடிந்தது. அதாவது என் அம்மாவின் கண்ணுக்கு நேராக இருந்தது சரளைக்கல்லின் மேற்பரப்பு. மனைவிக்கும் மகளுக்கும் நேராக இருந்தது பிளைவுட் கதவு. கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறவருக்கு நீரின் மேற்பரப்பு கண்ணாடிபோல் மின்னும், மேலே நீந்தும் மீனின் உருவம் அதில் தலைகீழாகப் பிரதிபலிக்கும், அவ்வளவுதான். மூட்டுவலியால் பெரும்பாலான நேரம் கட்டிலிலேயே இருக்கும் அம்மா ஒருநாள் கேட்டார்: "ஏன்டா, அந்த மீனெல்லாம் மேலேயேதான் இருக்குமா? கீழ வராதா?" நான் கொஞ்சம் எரிச்சலுடன் ஏஞ்சல் மீனின் இயல்பை விளக்கினேன். அவர் கேட்டது மீனைப் பற்றியல்ல என்பது எனக்குப் புரிய எட்டு மாதமும் ஒரு மணிக்கட்டும் தேவைப்பட்டன.

எங்கள் ஊர்க் கோயிலை இங்கே நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. பாறையைக் குடைந்து எடுத்த சன்னிதி. நரசிம்மர் அமர்ந்த கோலத்தில் இருக்கிறார். மூலவரை வலம் வர வேண்டுமென்றால் மலையையே சுற்றி வர வேண்டும். தீபாராதனையின்போது அர்ச்சகர் நெற்றியின் திருநாமத்தை விலக்கி மூன்றாம் கண்ணைக் காட்டுவார். மலையை நகர்த்த முடியாத இடத்தில் மனிதன் சுற்றுகிறான், சரி. கண் எட்டாத இடத்தில் காட்டுவதற்கு ஒருவர் இருக்கிறார், அதுவும் சரி. நாம் சதுரக் குழாயை ரம்பத்தால் அறுத்தால் நான்கு நிமிடத்தில் தாழ்ந்துவிடும் ஒன்றை மலைபோல் கருதி, வீட்டுப் பெரியவர்களை அண்ணாந்து பார்க்க வைப்பதற்கு என்ன நியாயம்?

எதிர்த்தரப்பின் வாதங்களை நான் அறிவேன். கூறுபவர்களில் சிலர் என்னைவிட நெடுங்காலம் மீன் வளர்ப்பவர்கள், எனவே அலட்சியப்படுத்த முடியாது.

முதலாவது, தாழ்ந்த ஸ்டாண்டில் நீரை உறிஞ்சி வெளியேற்ற முடியாது என்பது. இது தவறு. குழாயின் வெளிமுனை நீர்மட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கும் வரை நீர் வழிந்துகொண்டே இருக்கும். தரையில் வைத்த வாளியின் உயரம் 14 அங்குலம் என்றால், தொட்டியின் அடித்தளம் 22 அங்குலத்தில் இருந்தாலும் கடைசிச் சொட்டு வரை 8 அங்குல இறக்கம் கிடைக்கிறது. ஆக, ஸ்டாண்டின் குறைந்தபட்ச உயரத்தை வாளி தீர்மானிக்கட்டும். வாளிக்குக் கீழே போக வேண்டாம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஸ்டாண்டுக்குள் வடிகட்டும் கருவியை வைப்பவர்கள் அதன் உயரத்தையும், மேலே குழாய் வளைய நான்கு விரற்கடையையும் சேர்த்துக் கணக்கிடட்டும்.

இரண்டாவது வாதம் வலுவானது. தாழ்வாக வைத்தால் மீன்கள் மிரளும் என்கிறார்கள். உண்மை. நீரில் வாழும் உயிருக்கு ஆபத்து மேலிருந்து வருகிறது: கொக்கு, மீன்கொத்தி. நம் முழு உருவமும் தலைக்கு மேல் நிழலாக நகர்ந்தால் அவை மூலையில் ஒடுங்கிவிடும். நானே பார்த்தேன். ஆனால் அதற்குத் தீர்வு நடைபாதையிலிருந்து தொட்டியை ஒதுக்கி வைப்பதும், பின்புறமும் பக்கங்களும் மறைப்பதும், ஒளிந்துகொள்ள அடர்ந்த செடி வைப்பதும்தான். ஒருவருடைய அச்சத்தைப் போக்க இன்னொருவருடைய எலும்பை முறிப்பதல்ல.

குழந்தைகள் தட்டுவார்கள் என்பது மூன்றாவது. தட்டத்தான் தட்டுவார்கள். தட்டாதே என்று சொல்லிக் கொடுக்கலாம். எட்டாத உயரத்தில் வைத்தால் ஸ்டூல் மேல் ஏறித் தட்டுவார்கள்.

நான்காவதாக, உயர்ந்த தொட்டியில் அதிக மீன் வளர்க்கலாம், எனவே உயரமே நல்லது என்பார்கள். இது ஸ்டாண்டைப் பற்றியது அல்ல என்றாலும் உயர மோகத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஆக்சிஜன் பெரும்பாலும் நீரின் மேற்பரப்பு வழியாகவே கரைகிறது. 3 அடிக்கு ஒன்றரை அடித் தொட்டியின் மேற்பரப்பு நான்கரைச் சதுர அடி, உயரம் ஓர் அடியானாலும் மூன்றடியானாலும். 25 டிகிரி நீரில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரையும் ஆக்சிஜன், 32 டிகிரியில் 7.3 ஆகக் குறைந்துவிடுகிறது. நம் செங்கல்பட்டுச் சீமையின் மே மாதத்தில், மின்சாரம் போய் காற்றுக்குழாய் நின்ற பிற்பகலில், ஆழமான தொட்டியின் அடிப்பகுதி என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. நேரடியாகக் காற்றை விழுங்கிப் பிழைக்கும் கவுராமியும் நம் பனையேறிக் கெண்டையும் தப்பிக்கும். (1791இல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ்காரர் பனைமரப் பட்டையில் ஏறியிருந்த பனையேறிக் கெண்டையைக் கண்டதாக எழுதினார். உயரத்தை விரும்பியதாக எனக்குத் தெரிந்து வரலாற்றில் பதிவான ஒரே மீன் அதுதான்.) ஏஞ்சலுக்கு அந்த வசதி இல்லை.

இதில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது இன்னொன்று. என் அண்டை வீட்டார் பலர் ஒரகடம் ஆலைகளில் பணிபுரிகிறார்கள். அங்கே ஒரு தொழிலாளி குனியவோ எம்பவோ நேராதபடி வேலை மேடையின் உயரத்தை முழங்கை மட்டத்துக்குக் கொண்டுவருவது ஒரு தனிச் சாஸ்திரம். ஒரு போல்ட்டை முடுக்க ஒருவர் ஒரு நாளில் எத்தனை முறை கையைத் தோளுக்கு மேல் தூக்குகிறார் என்று எண்ணுவதற்கு ஆள் இருக்கிறார். அப்படி எண்ணுகிற ஒரு பொறியாளரே தன் வீட்டில் ஆறடிக்கு மேல் விளிம்பு கொண்ட தொட்டி வைத்திருக்கிறார். அதைச் சுத்தம் செய்பவர் வீட்டு வேலைக்கு வரும் அம்மா. நாற்காலியின் மேல் ஸ்டூல் போட்டு ஏறுகிறார். நான் அவரிடம் இதைச் சொன்னேன். "வீட்டுல அதெல்லாம் பார்க்க முடியுமா சார்?" என்றார். ஏன் முடியாது? பத்து மணி நேரம் அளந்துவிட்டு வந்த கண், வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கக்கூடியதா?

கைக்கான கணக்கு எளிது. விளிம்பு, தொட்டியைச் சுத்தம் செய்பவரின் அக்குளுக்குச் சமமாகவோ தாழ்வாகவோ இருக்க வேண்டும். அக்குளுக்கு மேல் போனால் கை நீருக்குள் நேராக இறங்காது. என் மனைவிக்கு அது 46 அங்குலம். அகலமான, ஆடாத, ஆறு அங்குல மரப்பலகை ஒன்றின் மேல் நின்றால் 52. இரண்டரை அடித் தொட்டிக்கு எஞ்சுவது 22. ஸ்டூல் என்ற பொருளே தேவையில்லை. அப்போதும் கை அடிவரை எட்டாது, அக்குளிலிருந்து விரல் நுனி வரை இரண்டடிதான். அதற்கு நீண்ட இடுக்கி இருக்கிறது. 22இல் தொடங்கி 52இல் முடியும் தொட்டி, தரையில் உட்காருபவரின் 28க்கும் கட்டிலின் 43க்கும் நாற்காலியின் 46க்கும் நேராக நீரைக் காட்டுகிறது. உட்கார்ந்திருக்கும் மகளுக்கு மட்டும் அடிமட்டத்து மணல். அவள் எழுந்து நின்றுகொள்வாள். எல்லா வீட்டுக்கும் 22 என்று நான் விதி செய்யவில்லை. உங்கள் வீட்டில் யார் எங்கே உட்காருகிறார்கள், யார் துடைக்கிறார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். எடை விஷயத்தில் மட்டும் ஸ்டாண்டின் உயரம் எதையும் மாற்றாது. அடுக்ககத் தளங்கள் சதுர மீட்டருக்குச் சராசரியாக 200 கிலோவைக் கருதி வடிவமைக்கப்படுபவை. எனவே தொட்டியைக் கூடத்தின் நடுவில் வைக்காமல் உத்தரத்தின் மேலோ சுவரையொட்டியோ வையுங்கள்.

மாவுக்கட்டு பிரித்த வாரத்தில் மீன்களை நீலப் பிளாஸ்டிக் பேரல் ஒன்றுக்கு மாற்றிவிட்டு, ஸ்டாண்டை அதே பட்டறைக்குத் தூக்கிச் சென்றேன். 20 அங்குலம் அறுக்கச் சொன்னதும் பட்டறைக்காரர் சிரித்தார். "டீப்பாய் மாதிரி ஆயிடும் சார்." ஆகட்டும் என்றேன். வெட்டிய துண்டுகளில் ஒரு பலகைக்குச் சட்டமும் அடித்துக் கொடுத்தார், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

இப்போது விருந்தாளிகள் உள்ளே வந்ததும் தொட்டியைக் கவனிப்பதில்லை. உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பேச்சு ஓய்ந்த பிறகுதான் பார்க்கிறார்கள். அம்மா தன் கட்டிலைச் சுவர்ப்பக்கம் அரையடி தள்ளிப் போடச் சொன்னார். ஐந்து ஏஞ்சல்களில் ஒன்றின் வால் நுனி கிழிந்திருப்பதை முதலில் கண்டுபிடித்ததும் அவர்தான்.